பைத்தான் ஓட மாட்டேன் என்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் நிரல்மொழியில் எழுதிய புரோகிராம் "நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை" என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது "எந்தப் பைத்தான்?" என்றுதான். பெரும்பாலும் முழிப்பார்கள். ஒன்றுதானே போட்டேன் என்பார்கள். தேடிப் பார்த்தால் மூன்று கிடைக்கும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டால் முடிந்தது என்று சொன்னது. ஆனால் விண்டோஸ் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) 'பைத்தான்' என்று தட்டினால் "நாட் ரெகக்னைஸ்டு" என்கிறது. ஏன்?

பைத்தான் உள்ளேதான் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று டெர்மினலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நீங்கள் ஒரு கட்டளையைத் தட்டினால் விண்டோஸ் வட்டு முழுக்கத் தேடாது. 'பாத்' என்ற பட்டியலில் எழுதியிருக்கும் ஃபோல்டர்களில் வரிசையாகத் தேடும். இன்ஸ்டாலரின் முதல் திரையில், அடியில், பைத்தானை இந்தப் பட்டியலில் சேர்க்கவா என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அது டிக் செய்யப்படாமல்தான் வரும். மேலே பெரிதாக 'இன்ஸ்டால் நவ்' என்று இருக்கும்போது யார் அடியில் பார்க்கிறார்கள்?

சரிசெய்வது எளிது. அதே இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி 'மாடிஃபை' கொடுங்கள். இரண்டாவது திரையில் என்விரான்மென்ட் வேரியபிளில் (புரோகிராம்கள் பார்த்துக்கொள்ள இயங்குதளம் வைத்திருக்கும் அமைப்பு, பாத்தும் அதில் ஒன்று) சேர்ப்பதற்கான கட்டம் வரும், அதை டிக் செய்யுங்கள். அப்புறம் திறந்திருக்கும் டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். டெர்மினல் தான் திறக்கும் நேரத்தில் இருந்த பட்டியலைத்தான் கடைசிவரை வைத்திருக்கும். விஷுவல் ஸ்டுடியோ கோடு என்ற நிரல் எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் அந்த மென்பொருளையே மூடித் திறக்க வேண்டும். "எல்லாம் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்பவர்களில் கணிசமானோர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

அவசரமென்றால், பி, ஒய் என்று இரண்டே எழுத்தைத் தட்டிப் பாருங்கள். அது விண்டோஸில் பைத்தானோடு வரும் லாஞ்சர், பைத்தானைத் தேடி ஓட்டிவிடும் சின்ன நிரல். பாத்தில் பைத்தான் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் அது வேலை செய்யும்.

தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறதே?

2019இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து, பைத்தான் இல்லாத கணினியிலும் அந்தப் பெயரில் ஒரு பொம்மை ஃபைல் இருக்கிறது. அளவு பூஜ்யம் பைட். அதன் வேலை உங்களை ஸ்டோருக்கு அழைத்துப்போவது மட்டும்தான். செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிகியூஷன் அலையாஸஸ்' என்று தேடி, பைத்தான், பைத்தான்3 இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

என் கணினியில் எத்தனை பைத்தான் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் 'வேர் பைத்தான்' என்று தட்டுங்கள். விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் 'வேர்' என்றால் அர்த்தமே வேறு, பதில் ஒன்றும் வராது. அங்கே 'வேர்.எக்ஸி பைத்தான்' என்று தட்ட வேண்டும். இப்படி ஏதாவது வரும்:

சி:\பைத்தான்27\பைத்தான்.எக்ஸி
சி:\யூசர்ஸ்\வீடு\அனகோண்டா3\பைத்தான்.எக்ஸி
சி:\யூசர்ஸ்\வீடு\ஆப்டேட்டா\லோக்கல்\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்ஆப்ஸ்\பைத்தான்.எக்ஸி

இதை ஒரு ஜாதகம் மாதிரி வாசிக்கலாம். மேலே இருப்பவருக்குத்தான் முதல் மரியாதை: வெறுமனே 'பைத்தான்' என்று தட்டினால் ஓடுவது முதல் வரியில் இருப்பதுதான். இங்கே அது 2.7. ஏதோ ஒரு பழைய மென்பொருள் தனக்காகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கும். 2020 ஜனவரி 1 அன்று அதற்கான ஆதரவே முடிந்துவிட்டது. நீங்கள் எழுதும் எஃப்-ஸ்ட்ரிங் (எழுத்து வரிக்குள் மதிப்புகளைச் செருகும் புது எழுத்துமுறை) எல்லாம் அதற்குப் புரியாது, சின்டாக்ஸ் எரர் என்று சொல்லிவிடும். இரண்டாவது வரி அனகோண்டா, அறிவியல் வேலைக்கான கருவிகளோடு வரும் ஒரு பைத்தான் தொகுப்பு. எப்போதோ ஒரு வகுப்புக்காகப் போட்டு மறந்தது. மூன்றாவது, மேலே சொன்ன பூஜ்யம் பைட் பொம்மை.

நேற்று நீங்கள் ஆசையாக இறக்கிப் போட்டது இதில் இருக்கிறதா? இல்லை. கட்டத்தை டிக் செய்யவில்லையே! அதைப் பார்க்க லாஞ்சரிடம் கேட்க வேண்டும். பி, ஒய், ஓர் இடைவெளி, அப்புறம் ஒரு சிறு கோடு, பூஜ்யம், பி. இது லாஞ்சருக்குத் தெரிந்த பதிப்புகளை இருப்பிடத்தோடு காட்டும். அந்தப் பட்டியலில் நட்சத்திரக் குறி இருப்பது லாஞ்சர் தானாக எடுத்துக்கொள்ளும் பதிப்பு. லாஞ்சரின் முதல் தேர்வும் பாத்தின் முதல் தேர்வும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. காலையில் ஒன்றையும் மாலையில் இன்னொன்றையும் தட்டிவிட்டு, "அதே புரோகிராம் ஒரு நேரம் ஓடுகிறது, ஒரு நேரம் ஓடவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

லினக்ஸிலும் மேக்கிலும் 'விச் -ஏ பைத்தான்3' என்று தட்டினால் இதே போன்ற பட்டியல் கிடைக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குள்ளிருந்தே கேட்பதுதான் இன்னும் நம்பகமானது. சிஸ் (எஸ், ஒய், எஸ்) என்ற மாட்யூலை, அதாவது ஆயத்த நிரல் துண்டை, இம்போர்ட் செய்து (நிரலுக்குள் வரவழைத்து) 'சிஸ்.எக்ஸிகியூட்டபிள்' என்பதை அச்சிடுங்கள். இந்த வரியை ஓட்டுவது எந்தப் பைத்தான் என்று முழு முகவரியோடு அதுவே சொல்லிவிடும்.

பிப் மூலம் இன்ஸ்டால் செய்தேன், வெற்றி என்றது. ஆனால் இம்போர்ட் செய்தால் "மாட்யூல் நாட் ஃபவுண்ட்" என்கிறது.

பிப் என்பது பிறர் எழுதிய பொதிகளை (நிரல் தொகுப்புகளை) இறக்கிப் போடும் கருவி. அந்தப் பிப் ஒரு பைத்தானுக்கு உரியது, நீங்கள் ஓட்டுவது இன்னொரு பைத்தான். வாங்கிய சாமான் பக்கத்து வீட்டில் இறங்கியிருக்கிறது. 'பிப் --வெர்ஷன்' என்று தட்டுங்கள். அது காட்டும் வரியில் ஒரு ஃபோல்டர் முகவரி இருக்கும், கடைசியில் அடைப்புக்குள் பைத்தான் பதிப்பும் இருக்கும். அதைச் சிஸ்.எக்ஸிகியூட்டபிள் சொன்ன முகவரியோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

இனிமேல் பிப்பைத் தனியாகக் கூப்பிடும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்' என்று தட்டினால், எந்தப் பைத்தானைக் கூப்பிட்டீர்களோ அதற்கே போய்ச் சேரும். நான் வருடக்கணக்கில் இப்படித்தான் தட்டுகிறேன். நாலு எழுத்து கூடுதல், நிம்மதி நிறைய. பிப்பே இல்லை என்று வந்தால் 'பைத்தான் -எம் என்ஷ்யூர்பிப்' அதைக் கொண்டுவந்துவிடும்.

முகவரிகள் பொருந்தியும் இம்போர்ட் ஆகவில்லையென்றால் பெயரைச் சந்தேகப்படுங்கள். இன்ஸ்டால் செய்யும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் எப்போதும் ஒன்றல்ல. பில்லோவை இன்ஸ்டால் செய்துவிட்டு 'பிஐஎல்' என்று இம்போர்ட் செய்ய வேண்டும். ஓப்பன்சிவி-பைத்தான் என்பது 'சிவி2' ஆகிவிடும். சைக்கிட்-லேர்ன் 'எஸ்கேலேர்ன்' ஆகும். காரணம் கேட்டால் வரலாறு என்றுதான் சொல்ல முடியும்.

பைத்தானோடு வரும் மாட்யூலே வேலை செய்யவில்லை. ரேண்டம் மாட்யூலில் ரேண்ட்இன்ட் இல்லை என்கிறது. நிறுவல் கெட்டுவிட்டதா?

உங்கள் ஃபோல்டரில் 'ரேண்டம்.பிஒய்' என்று ஒரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள். இருக்கும். பைத்தான் ஒரு மாட்யூலைத் தேடும்போது முதலில் உங்கள் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில்தான் பார்க்கிறது. பயிற்சிக்காக நீங்கள் எழுதிய ரேண்டம் கிடைத்ததும் அதோடு திருப்தி அடைந்துவிடும்.

டர்ட்டில் வரைபடம் கற்றுக்கொள்ளும்போது ஃபைலுக்கு டர்ட்டில் என்றே பெயர் வைத்து, ஒரு மாலை முழுவதும் பைத்தானைக் கழற்றிக் கழற்றி மாட்டியவன் நான். மூன்றாம் முறை போட்ட பிறகும் அதே பிழை வந்தபோதுதான், தப்பு பைத்தானில் இல்லை என்று உறைத்தது. 3.13 பதிப்பிலிருந்து பிழைச் செய்தியே "உன் ஃபைலின் பெயரை மாற்றிப் பார்" என்று சொல்கிறது. எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் தீர்ந்துவிடாதா?

சில நேரம் தீரும். பல நேரம் நாலாவதாக ஒரு பைத்தான் சேரும். அதனால் அழிப்பதற்கு முன் ஒரே ஒரு சோதனை: 'பைத்தான் -ஐ' என்று ஓட்டுங்கள். இந்த ஐ பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் அமைப்புகள் எதையும் கண்டுகொள்ளாமல் பைத்தானைத் தனிமையில் தொடங்கும் முறை இது. இப்படி ஒழுங்காகத் தொடங்கி, வெறுமனே தட்டும்போது மட்டும் விழுகிறது என்றால் நிறுவல் நன்றாக இருக்கிறது, சுற்றுப்புறம்தான் கெட்டிருக்கிறது.

சுற்றுப்புறத்தில் வழக்கமான குற்றவாளிகள் பைத்தான்ஹோம், பைத்தான்பாத் என்ற இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்கள். "ஃபேட்டல் பைத்தான் எரர்" என்று தொடங்கி, 'என்கோடிங்ஸ்' மாட்யூல் இல்லை என்று முடியும் அந்தப் பயங்கரமான செய்தியைப் பார்த்தால் முதலில் பைத்தான்ஹோம் இருக்கிறதா என்று தேடுங்கள். வேறு ஏதோ மென்பொருள் அதைத் தன் ஃபோல்டருக்குத் திருப்பி வைத்திருக்கும். அந்த வரியை நீக்கிவிட்டுப் புது டெர்மினல் திறந்தால் போதும். சராசரி ஆளுக்கு இந்த இரண்டு வேரியபிளும் தேவையே இல்லை.

இன்னொரு குற்றவாளி கண்ணில் படாது. பிப்புக்கு '--யூசர்' (என் கணக்குக்கு மட்டும்) கொடுத்துப் போட்ட பொதிகள் பைத்தானின் ஃபோல்டருக்குள் போவதில்லை. விண்டோஸில் அவை ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டருக்குள் பைத்தான்312 என்பது போன்ற பெயரில் தனியாக உட்கார்ந்திருக்கும். பைத்தானை நீக்கினாலும் அவை போகாது. அதே பதிப்பை மறுபடி போட்டதும் பழைய பொதிகள் அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும், பழைய பிழையோடு. புதிதாகப் போட்டும் தீரவில்லை என்பவர்கள் அங்கே ஒரு பார்வை பாருங்கள்.

'-ஐ' போட்டும் தொடங்கவில்லையா? அப்போது நிறுவல் உண்மையிலேயே கெட்டிருக்கலாம். ஆன்டிவைரஸ் ஏதோ ஒரு ஃபைலைத் தூக்கியிருக்கலாம், பாதியில் மின்சாரம் போயிருக்கலாம். அப்போதும் முதலில் இன்ஸ்டாலரை ஓட்டி 'ரிப்பேர்' கொடுத்துப் பாருங்கள்.

கோபத்தில் பைத்தான் ஃபோல்டரை நேரடியாக டெலீட் செய்துவிட்டேன். இப்போது அன்இன்ஸ்டாலும் ஆகவில்லை, இன்ஸ்டாலும் ஆகவில்லை.

ஃபோல்டர் போய்விட்டது, ஆனால் பைத்தான் இருப்பதாக விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரியில்) இன்னும் எழுதியிருக்கிறது. முன்பு போட்ட அதே பதிப்பின் இன்ஸ்டாலரை, கடைசி இலக்கம் உட்பட அதே பதிப்பை, இறக்கிக்கொள்ளுங்கள். 'ரிப்பேர்' கொடுங்கள். அது போன ஃபைல்களைத் திரும்ப வைக்கும். வைத்த பிறகு முறைப்படி அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அழிப்பதற்காக மறுபடி கட்டுவது கேலிக்கூத்தாகத் தெரியும். ஆனால் ரெஜிஸ்ட்ரிக்குள் கைவிட்டுத் துழாவுவதைவிட இது எவ்வளவோ மேல்.

"மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 தேவை" என்று சிவப்பில் கொட்டுகிறது. அதையும் போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பல பொதிகளின் உள்ளே சி மொழியில் எழுதிய பகுதிகள் இருக்கும். அவற்றை முன்கூட்டியே தயாரித்துப் பொட்டலமாகத் தருவார்கள், 'வீல்' என்று பெயர். உங்கள் பைத்தான் பதிப்புக்கு வீல் இல்லையென்றால் பிப் மூலநிரலை எடுத்து உங்கள் கணினியிலேயே சமைக்கப் பார்க்கும். அதற்கான அடுப்பைத்தான் கேட்கிறது.

ஏன் வீல் இல்லை? உங்கள் பைத்தான் மிகப் புதியது என்பதே வழக்கமான காரணம். 3.9 முதல் ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் வாக்கில், புதிய பதிப்பு வருகிறது. வந்த வாரமே எல்லாப் பொதிகளும் அதற்கு வீல் தயாரித்துவிடுவதில்லை. 2023இல் 3.12 வந்தபோது டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய மாட்யூலையே எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த பொதிகள் வரிசையாக விழுந்தன. முந்தைய பதிப்பு ஒன்றைப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு லாஞ்சரிடம் அதன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள். புதியதை நீக்க வேண்டியதில்லை. நானே புதுப் பதிப்பு வந்து சில மாதம் கழித்துத்தான் தாவுகிறேன்.

பொருந்தும் பதிப்பே இல்லை, "நோ மேச்சிங் டிஸ்ட்ரிபியூஷன்" என்று வந்தால் 32 பிட் பைத்தானா என்று பாருங்கள். டென்சர்ஃப்ளோ போன்ற பொதிகள் 64 பிட்டுக்கு மட்டும்தான்.

பைத்தானைப் புதுப்பித்தேன். பழைய புராஜெக்ட்டின் வென்வ் செத்துவிட்டது.

வென்வ் என்பது ஒரு புராஜெக்ட்டின் பொதிகளைத் தனியாக வைத்துக்கொள்ளும் ஃபோல்டர், முழுப் பைத்தான் அல்ல. தாய்ப் பைத்தான் எங்கே என்று சுட்டும் ஒரு மெல்லிய கூடுதான். அதற்குள் 'பைவென்வ்.சிஎஃப்ஜி' என்ற ஃபைலை நோட்பேடில் திறந்தால் 'ஹோம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த முகவரியில் இப்போது யாரும் இல்லை. வென்வ் ஃபோல்டரையே வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் இதே போன்ற கதைதான். "ஃபேட்டல் எரர் இன் லாஞ்சர்" என்று பிப் கத்துவது அப்போதுதான். அதன் வயிற்றுக்குள் பழைய முகவரி எழுதப்பட்டிருக்கிறது.

ஒட்டுப்போடாதீர்கள், அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். வென்வ் பாதுகாக்க வேண்டிய பொருளே அல்ல. பாதுகாக்க வேண்டியது அதில் என்னென்ன பொதிகள் இருந்தன என்ற பட்டியல். 'பிப் ஃப்ரீஸ்' கொடுத்து அந்தப் பட்டியலை எடுத்து வைக்கவில்லையா? இன்னும் வழி இருக்கிறது. செத்த வென்வுக்குள் லிப், அதற்குள் சைட்-பேக்கேஜஸ் என்று போங்கள். 'டிஸ்ட்-இன்ஃபோ' என்று முடியும் ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பெயரிலும் பொதியின் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கிறது. எழுதிக்கொண்டு, பிறகு அழியுங்கள்.

பவர்ஷெல்லில் வென்வை ஆக்டிவேட் செய்தால் "ஸ்கிரிப்ட்ஸ் டிஸேபிள்டு" என்கிறதே?

பவர்ஷெல்லின் பாதுகாப்புக் கட்டுப்பாடு. உங்கள் கணக்குக்கு மட்டும் எக்ஸிகியூஷன் பாலிசியை 'ரிமோட்சைன்டு' என்று மாற்றலாம். மாற்ற மனமில்லையா, கமாண்ட் ப்ராம்ப்டிலிருந்து ஆக்டிவேட் செய்யுங்கள்.

லினக்ஸில் பிப் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று மறுக்கிறது. இது பிழையா?

பிழை அல்ல, காவல். லினக்ஸில் இருக்கும் பைத்தான் உங்களுக்காக வைத்தது இல்லை. இயங்குதளம் தன் சொந்த வேலைக்கு வைத்திருப்பது. அதற்குள் நீங்கள் ஒரு பொதியை மாற்றினால் அதை நம்பியிருக்கும் ஏதோ ஒன்று சரியும். 2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பு இந்தக் காவலை இயல்பாகவே போட்டுவிட்டது. தாண்டிப் போக ஒரு வழி உண்டு, அதன் பெயரே '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்'. இதைவிடத் தெளிவாக எப்படி எச்சரிப்பது? வென்வ் உருவாக்கி அதற்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் காவல் வருவதற்கு முன்னால், "பழைய பைத்தானை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாமே" என்று ஒரு நல்ல எண்ணத்தில் என் மடிக்கணினியில் 'ஆப்ட் ரிமூவ் பைத்தான்3' கொடுத்தேன். நீக்கப்போகும் பொதிகளின் பட்டியல் திரையைத் தாண்டி ஓடியது. படிக்காமல் 'ஒய்' அழுத்தினேன். ரீஸ்டார்ட் செய்ததும் டெஸ்க்டாப் இல்லை. வைஃபை இல்லை. கறுப்புத் திரையில் ஒரு கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

உங்களுக்கும் இந்த நிலை என்றால் பதற வேண்டாம், ஃபைல்கள் எங்கும் போகவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து வடிவ லாகின் வரும். என்னென்ன நீக்கப்பட்டன என்பது 'வார்' (வி, ஏ, ஆர்) ஃபோல்டருக்குள் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்', அதில் 'ஹிஸ்டரி.லாக்' என்ற ஃபைலில் தேதி நேரத்தோடு இருக்கிறது. கேபிள் மூலம் இணையத்தைக் கொண்டுவந்து, அந்தப் பட்டியலைப் பார்த்துத் திரும்பப் போட வேண்டியதுதான். எனக்கு ஓர் இரவு பிடித்தது.

மேக்கைப் புதுப்பித்தபின் 'பைத்தான்' கட்டளையே காணோம்.

2022இல் வந்த மேக்ஓஎஸ் 12.3இலிருந்து, கூடவே வந்துகொண்டிருந்த பைத்தான் 2.7ஐ ஆப்பிள் எடுத்துவிட்டது. 'பைத்தான்3' என்று தட்டுங்கள். கமாண்ட் லைன் டூல்ஸ் போடவா என்று கேட்டால் போட்டுக்கொள்ளலாம், அல்லது பைத்தானின் சொந்த இன்ஸ்டாலரைப் பயன்படுத்தலாம். அப்படிப் போட்டபின் இணையத்திலிருந்து எதையாவது எடுக்கும்போது சான்றிதழ்ப் பிழை வந்தால், அப்ளிகேஷன்ஸில் பைத்தான் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டால் சர்டிஃபிகேட்ஸ்' என்று ஒரு ஃபைல் இருக்கும். அதை ஒருமுறை இரட்டைக் கிளிக் செய்தால் சரி.

டெர்மினலில் ஓடுவது விஷுவல் ஸ்டுடியோ கோடில் ஓடவில்லை.

அது வேறு பைத்தானைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி 'செலக்ட் இன்டர்பிரெட்டர்' என்று தேடி, சரியானதைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழில் அச்சிட்டால் திரையில் வருகிறது. அதையே ஃபைலில் எழுதினால் "சார்மேப் கோடெக்" என்று பிழை. பைத்தானைத் திரும்பப் போட்டும் பயனில்லை.

எத்தனை முறை போட்டாலும் பயனிருக்காது, நிறுவலில் குறையே இல்லை. 3.6 பதிப்பிலிருந்து விண்டோஸ் திரைக்கு எழுதும்போது பைத்தான் யுனிகோடைச் சரியாகவே அனுப்புகிறது. ஃபைல் என்று வந்தால் மட்டும், நீங்கள் எதுவும் சொல்லாதபோது, விண்டோஸின் பழைய குறியேற்ற அட்டவணையை எடுத்துக்கொள்ளும். பல கணினிகளில் அது 1252 என்ற எண்ணுள்ள அட்டவணை. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. அதில் 'அ'வும் இல்லை, 'ஃ'கும் இல்லை.

ஓப்பன் என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். பிறர் எழுதிய புரோகிராம், கை வைக்க முடியாது என்றால் பைத்தான்யுடிஎஃப்8 என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 1 என்று வைத்துவிடுங்கள், 3.7 முதல் இது வேலை செய்யும். எழுதிய ஃபைலைத் திறக்கும்போது கட்டம் கட்டமாகத் தெரிந்தால் உடனே பைத்தானைத் திட்டாதீர்கள். வேறு எடிட்டரில் ஒருமுறை திறந்து பாருங்கள், எழுத்துருவின் கோளாறாகவும் இருக்கலாம்.